மாணாக்கர் தம்மை உலகுக்கு அறிவித்தல்

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் பெரியோர் சிலருக்குப் புதிதாகவும் வேறு சிலருக்கு வேண்டாததாகவும் தோன்றலாம். சமயச் சங்கத்தின் மேடையிலே திருமுறையின் பெருமையைப் பேசலாம். நாயன்மார் சரிதையைப் பேசலாம். மாணாக்கன் ஒருவன் இணையத்தில் தன் படிப்பையும் பயிற்சியையும் எழுதிவைக்கும் பக்கத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்பாரும் உளர். விடை எளிது. இம்மண்டபத்தில் அமர்ந்திருக்கும் வாலிபரிற் பெரும்பாலார் இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளில் உத்தியோகம் தேடிப் புறப்பட வேண்டியவர்கள். அவர்கள் நேர்மையான வழியிற் சீவனம் தேடிக்கொள்வது அவரவர் வீட்டுக் காரியம் மாத்திரமன்று, இச்சங்கத்தின் காரியமுமாகும்.

இவ்விஷயத்தில் இரண்டு தடைகள் நம்முன் நிற்கின்றன. பெரியோர் கூறுவது ஒன்று: "தன்னைப் பற்றித் தானே எழுதுவது தற்புகழ்ச்சி; அது நமக்கு அடாது." வாலிபர் கூறுவது மற்றொன்று: "எழுதுவதற்கு எங்களிடம் என்ன இருக்கிறது? நாங்கள் இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்கள்தாமே." இவ்விரு தடைகளுக்கும் விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் அப்பக்கம் யாதென்று அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். லிங்க்டின் என்னும் இணையத் தளம் அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலே 2002 ஆம் ஆண்டின் இறுதியில் நிறுவப்பெற்று, 2003 மே மாதத்திற் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. றீட் ஹொவ்மன் என்பவரும் அவர் தோழர் சிலரும் அதனை நிறுவினர். 2016 இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் ஏறக்குறைய 2,620 கோடி டொலர் கொடுத்து அதனை வாங்கியது. 2023 இல் அதன் அங்கத்தவர் தொகை 100 கோடியைக் கடந்தது. முகநூலிலே கலியாணப் படத்தையும் சுற்றுலாப் படத்தையும் இடுகின்றோம். லிங்க்டினில் ஒருவர் இடுவன அவருடைய படிப்பு, பயிற்சி, செய்த வேலை, கற்ற கைத்திறன் ஆகியனவே. வேலைக்கு ஆள் தேடுவோர் அங்கே தேடுகின்றனர். விண்ணப்பம் கிடைத்தபின், "இவர் யார்?" என்று பெயரைத் தட்டிப் பார்ப்போரும் அங்கே பார்க்கின்றனர். சேர்வதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இதனால் ஆகாத காரியம் எது என்பதையும் இப்பொழுதே சொல்லிவிடுகின்றோம். நம் நாட்டில் அரசாங்க உத்தியோகம் வர்த்தமானி அறிவித்தலாலும் போட்டிப் பரீட்சையாலும் நேர்முகப் பரீட்சையாலும் கிடைப்பது. லிங்க்டினில் எத்துணை அழகிய பக்கம் இருப்பினும் பரீட்சையிற் புள்ளி ஏறாது. ஆனால் தனியார் நிறுவனம், வங்கி, கணினித் துறை, தொண்டு நிறுவனம், பிறநாட்டுப் பல்கலைக்கழகப் புலமைப்பரிசில் ஆகியவற்றை நாடுவோர்க்கு அது பெரிதும் உதவும். பட்டம் பெற்றபின் அரசாங்க நியமனம் ஒன்றையே எதிர்பார்த்து ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கும் நம்மவருக்கு வேறு வாயில்களும் உண்டென்று காட்டுவதே ஓர் உபகாரமன்றோ?

இனி, அறிமுகம் என்பதன் வலிமையைச் சற்றே ஆராய்வோம். "ஆளைத் தெரிந்தால் அலுவல் நடக்கும்" என்று நம் ஊரிற் கசப்போடு சொல்வதுண்டு. அதில் அநீதியும் உண்டு. ஓர் உண்மையும் உண்டு. மார்க் கிரனொவெற்றர் என்னும் அமெரிக்க சமூகவியலாளர், பொஸ்ரன் நகருக்கு அண்மையிலுள்ள நியூற்றன் என்னும் ஊரில், புதிதாக வேலை மாறிய உத்தியோகத்தரை விசாரித்து, 1973 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அறிமுகமானவர் வாயிலாக வேலை பெற்றோரிடம், "அந்த மனிதரை அக்காலத்தில் எத்தனை முறை சந்தித்தீர்?" என்று கேட்டார். அடிக்கடி சந்தித்ததாகக் கூறியோர் 16.7 சதவீதத்தினர். இடையிடையே சந்தித்ததாகக் கூறியோர் 55.6 சதவீதத்தினர். அருமையாகவே சந்தித்ததாகக் கூறியோர் 27.8 சதவீதத்தினர். அஃதாவது, பெரும்பாலார்க்கு வேலை பற்றிய செய்தியைக் கொண்டுவந்தவர் உற்ற நண்பரல்லர். சற்றே தூரத்து அறிமுகமுடையவர். காரணம் யாதெனின், நாளும் பழகும் நண்பனுக்குத் தெரிந்தது நமக்கும் தெரியும். நாம் அறியாத செய்தி நம் வட்டத்துக்கு வெளியிலிருந்துதான் வரவேண்டும். ஏறக்குறைய 50 ஆண்டு கழித்து, 2022 இல், லிங்க்டின் அங்கத்தவர் 2 கோடிப் பேரை ஐந்தாண்டுக் காலம் கவனித்த ஆராய்ச்சியொன்று வெளியாயிற்று. அதுவும் மிக நெருங்கிய தொடர்பைக் காட்டிலும் ஓரளவு தூரத்துத் தொடர்பே வேலை மாறுவதற்கு அதிகம் உதவுகின்றது என்று காட்டியது.

இங்கேதான் நம் வாலிபரின் நிலையை நினைக்க வேண்டும். கொழும்பிலே மாமன் உயர்ந்த உத்தியோகத்தில் இருப்பவனுக்கும், தகப்பனார் நிறுவனம் நடத்துபவனுக்கும் தூரத்து அறிமுகம் பிறவியிலேயே வாய்த்திருக்கின்றது. தோட்டக்காரன் மகனுக்கும், கடற்றொழிலாளி மகளுக்கும், தேயிலைத் தோட்டத்து லயத்திற் பிறந்த பிள்ளைக்கும் அஃது இல்லை. அவர்களுடைய உறவினரெல்லாம் ஒரே ஊரில், ஒரே தொழிலில் இருப்பவர்கள். முன்னாளில் அத்தகைய பிள்ளைக்குக் கல்லூரி அதிபரின் நற்சாட்சிப் பத்திரம் ஒன்றே கைமுதல். அதிபரின் பெயரை அறிந்தவர் அப்பத்திரத்தை மதித்தனர். அறியாதவருக்கு அது வெறுங் கடதாசி. இன்று அப்பிள்ளை தன் சாட்சிகளைத் தானே ஒழுங்குபடுத்தி, உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் பார்க்கக்கூடிய இடத்தில் வைக்கலாம். இதனால் எல்லாரும் சமமாகிவிட்டனர் என்று நாம் சொல்லவில்லை. ஆங்கிலம் வேண்டும், இணைய வசதி வேண்டும், காலமும் வேண்டும். எனினும் அடைத்திருந்த கதவு ஒருவிரற் கடையளவு திறந்திருக்கின்றது. அதனைத் தள்ளிப் பாராமல் வெளியே நிற்பது அடக்கமாகாது.

அடக்கம் என்ற சொல் வந்தமையால் முதலாவது தடைக்கு வருகின்றோம். தற்புகழ்ச்சி தகுமா? பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரத்தில் இதுபற்றி அடுத்தடுத்து இரண்டு விதிகள் உள. நாவலர் பெருமான் காண்டிகையுரை எழுதிய நூல் அது. துறை பல கற்று முடித்த புலவனேயாயினும் தன்னைத் தானே புகழ்தல் தகுதியன்று என்பது முதல் விதி. அடுத்த விதி அதற்கு நான்கு விலக்குகளைக் கூறுகின்றது. அரசனது அவைக்கு ஓலை எழுதி விடுக்கும்பொழுது, தன் ஆற்றலை அறியாதவர் நடுவே இருக்கும்பொழுது, அவையில் வாதிட்டு வெல்லவேண்டிய பொழுது, எதிரி தன்னைப் பழித்த பொழுது ஆகிய நான்கிடத்தும் தன்னைப் புகழ்தல் தகும் என்பது அவ்விதி. முதலிரண்டையும் நோக்குங்கள். அரசவைக்கு விடுக்கும் ஓலை இன்றைய விண்ணப்பமேயன்றோ? தன் ஆற்றலை அறியாதவர் நடுவே இருப்பது, முகம் அறியாத நிறுவனத்தின் முன் நிற்கும் மாணாக்கனின் நிலையேயன்றோ? ஆகவே, அறிந்தவர் நடுவிலே வாயடக்கமும், அறியாதவர் முன் உள்ளதை உள்ளவாறு சொல்லும் தெளிவும் நம் இலக்கணம் ஒப்புக்கொண்ட மரபேயாகும்.

"இது அந்நியர் கருவியாயிற்றே" என்பாரும் இருக்கலாம். நாவலர் யாழ்ப்பாணத்து மெதடிஸ்த மிஷன் பாடசாலையிற் கற்றவர். பார்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவியவர். அச்சுக்கூடத்தையும் பிரசங்க மேடையையும் மிஷனரிமார் கையாண்டவை என்று அவர் ஒதுக்கிவிடவில்லை. 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டிற் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் தேடினார். கருவி எவர் கையிலிருந்து வந்தது என்பதைக் காட்டிலும், அதைக்கொண்டு மெய் சொல்கின்றோமா பொய் சொல்கின்றோமா என்பதே பெரிது.

ஆகவே நம் கருத்தை ஒரு வாக்கியத்திற் கூறலாம்: அப்பக்கத்தை விளம்பரமாக எழுதாமற் சாட்சியாக எழுதுக. "நான் கெட்டிக்காரன்" என்பது விளம்பரம். "இன்னதைச் செய்தேன், இன்னார் அறிவர்" என்பது சாட்சி. இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டால் எழுதும் முறை தானே விளங்கும். அம்முறையை இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, பெயர். நம்மவர் பெயர் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஒருவகையாகவும், பரீட்சைச் சான்றிதழில் வேறொரு வகையாகவும், அடையாள அட்டையில் மற்றொரு வகையாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருப்பது சாதாரணம். தகப்பனார் பெயர் முன்னே வருவதா பின்னே வருவதா என்ற குழப்பமும் உண்டு. பட்டச் சான்றிதழில் எவ்வாறு வரப்போகின்றதோ அவ்வாறே பக்கத்திலும் எழுதுக. விண்ணப்பத்திலும் மின்னஞ்சலிலும் அதுவே இருக்கட்டும். பக்கத்துக்குரிய இணைய முகவரியையும் பெயரை ஒட்டிச் சுருக்கமாக மாற்றிக்கொள்ள அத்தளத்திலேயே இடமுண்டு.

இரண்டாவது, படம். கலியாண வீட்டிற் பலரோடு நின்ற படத்தை வெட்டி ஒட்ட வேண்டாம். பகல் வெளிச்சத்தில், வெறுஞ் சுவரின் முன், முகம் தெளிவாகத் தெரிய ஒரு தோழனைக்கொண்டு கைத்தொலைபேசியில் எடுத்தாற் போதும். நெற்றியில் திருநீறோ பொட்டோ இருந்தால் அதை அழிக்க வேண்டியதில்லை. குறையாவது மங்கிய படமேயன்றி நெற்றியிலிட்ட குறியன்று.

மூன்றாவது, பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரி. இதற்கு 220 எழுத்துக்கு மேல் இடமில்லை. தேடுவோர் கண்ணில் முதலிற் படுவதும் இதுவே. "கனவு காண்பவன், சாதிக்கத் துடிப்பவன்" என்று எழுதினால் அவன் யாரென்று ஒருவருக்கும் விளங்காது. "கணக்கியல் மூன்றாம் ஆண்டு மாணவன், மாணவர் மன்றப் பொருளாளர், கணக்காய்வுப் பயிற்சி தேடுபவன்" என்றால் மூன்று உண்மைகள் விளங்கும். என்ன படிக்கின்றோம், என்ன செய்கின்றோம், எதனைத் தேடுகின்றோம் என்பவையே அவை.

நான்காவது, தன்னைப் பற்றிய குறிப்பு. இதற்கு 2,600 எழுத்து வரை இடமுண்டு. அத்தனையையும் நிரப்புவது அவசியமன்று. எந்தத் துறையில் நாட்டம், அந்நாட்டம் எவ்வாறு பிறந்தது, அதற்காக இதுவரை செய்தது யாது, இனிச் செய்ய விரும்புவது யாது என்று நான்கு சிறு பந்திகள் போதும். சிறிய வாக்கியங்களில், தெரிந்த ஆங்கிலத்தில் எழுதுக. இக்காலத்திற் கணினியையே எழுதச் சொல்லிவிடும் வழக்கம் பரவியிருக்கின்றது. இலக்கணப் பிழை திருத்த அதனைப் பயன்படுத்துவதிற் குற்றமில்லை. ஆனால் முழுவதையும் அதனிடம் விட்டால் ஆயிரம் பேரின் பக்கமும் ஒரே குரலிற் பேசும். நேர்முகப் பரீட்சையில் எதிரே அமர்ந்திருப்பவர், பக்கத்திற் பேசிய குரலும் நாற்காலியில் இருந்து பேசும் குரலும் ஒன்றல்ல என்பதை உடனே கண்டுகொள்வார்.

ஐந்தாவது, அநுபவம். வாலிபரின் தடை எழுவது இங்கேதான். "எங்களுக்கு அநுபவம் இல்லை" என்கின்றனர். இம்மண்டபத்திலுள்ளவர்களையே எடுத்துக்கொள்வோம். அறநெறிப் பாடசாலையிற் சம்பளமின்றி மூன்று ஆண்டு படிப்பித்த சகோதரிக்கு ஆசிரிய அநுபவம் இல்லையா? சங்கத்தின் ஆண்டு மலருக்கு விளம்பரம் சேகரிக்கக் கடை கடையாய் ஏறி இறங்கியவனுக்கு விற்பனை அநுபவம் இல்லையா? திருவிழாக் காலத்து அன்னதானக் கணக்கை ஒரு சதம் தவறாமல் எழுதிக் கொடுத்தவனுக்குக் கணக்கு அநுபவம் இல்லையா? தந்தையாரோடு வெங்காயத் தோட்டத்தில் நின்று நீர் பாய்ச்சிய விவசாய பீட மாணவனுக்கு, நூலிலே படித்த மண்ணைக் கையாலும் அறிந்தவன் என்ற சிறப்பு இல்லையா? இரத்ததான முகாம் ஒன்றை ஒழுங்குசெய்தவர் எத்தனை பேரோடு பேசி, எத்தனை காரியத்தை முடித்திருப்பார்! இவையெல்லாம் அநுபவமே.

இவற்றை எழுதுவதில் ஒரு முறை உண்டு. என்ன பொறுப்பு, எவ்வளவு காலம், எத்தனை பேர் அல்லது எவ்வளவு தொகை, முடிவு யாது என்னும் நான்குக்கும் விடை இருக்கவேண்டும். "தலைமைத்துவப் பண்பு மிக்கவன்" என்பது காற்று. "இரண்டு ஆண்டு பொருளாளராக இருந்தேன், 3 இலட்சம் ரூபா வரவு செலவைப் பதிந்தேன், இரண்டு ஆண்டும் கணக்காய்வாளர் குறையின்றி ஏற்றுக்கொண்டார்" என்பது கல். கணினி மாணவர் தாம் எழுதிய நிரலை கிட்ஹப் தளத்தில் வைத்து அதன் முகவரியை இணைக்கலாம். பொறியியல் மாணவர் தம் செயற்றிட்டத்தின் படத்தையும், கலைப்பீட மாணவர் தம் ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தையும் சேர்க்கலாம். ஒன்றும் இல்லாதவர் என்ன செய்வது என்று கேட்டால், இன்றே ஒன்றைச் செய்யத் தொடங்குக என்பதே விடை. முதலில் வேலை, பின்பு பக்கம். பக்கம் வெறுமையாக இருப்பது வெட்கமன்று. எதிலும் ஈடுபடாமல் இரண்டு ஆண்டைப் போக்கிவிட்டோம் என்று அது காட்டுமாயின், அதுவே நமக்கு நல்ல புத்தி.

ஆறாவது, பிறர் தரும் சாட்சி. லிங்க்டினில் நம்மோடு தொடர்புடைய ஒருவரிடம் பரிந்துரை எழுதித் தருமாறு கேட்கலாம். அவர் எழுதுவது அவர் பெயரோடும், அவருக்கும் நமக்கும் உள்ள தொடர்போடும் நம் பக்கத்தில் வெளியாகும். முன்னாளைய நற்சாட்சிப் பத்திரம் இதுவே. விரிவுரையாளர், பயிற்சி பெற்ற இடத்து மேற்பார்வையாளர், சங்கச் செயலாளர் ஆகியோரிடம் மரியாதையாகக் கேட்கலாம். "ஐயா, எனக்குப் பரிந்துரை வேண்டும்" என்று மொட்டையாகக் கேளாமல், "தங்கள் மேற்பார்வையில் நான் செய்த இந்த வேலையைப் பற்றி இரண்டு வரி எழுதமுடியுமா?" என்று கேட்டால் அவருக்கும் எழுத எளிது. தோழர் இருவர் ஒருவரையொருவர் வானளாவப் புகழ்ந்து எழுதுவது, கடன் வாங்கிய பொன்னகை போன்றது. அதனை ஒருவரும் மதிப்பதில்லை.

இனி, தொடர்பு தேடும் முறை. அத்தளத்திற் பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் பக்கங்கள் உண்டு. அங்கே சென்றால், அங்கு கற்ற பழைய மாணாக்கர் எந்நாட்டில், எந்த நிறுவனத்தில், எத்துறையில் இருக்கின்றனர் என்று வகுத்துப் பார்க்கலாம். நம்மவர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் பரந்திருப்பதை நாம் அறிவோம். நாம் படித்த அதே வாங்கிற் படித்த ஒருவர் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் நாம் நாடும் தொழிலிலேயே இருக்கலாம். அவருக்கு அழைப்பு விடுக்கும்போது ஒரு சிறு குறிப்பு எழுதுக. அதில் நாம் யார், அவரை ஏன் நாடினோம், கேட்பது என்ன என்ற மூன்றும் இருக்கட்டும். இவ்வாறு எழுதலாம்: "ஐயா, தாங்கள் கற்ற கல்லூரியிலே கற்றவன், இப்போது கணக்கியல் மூன்றாம் ஆண்டு மாணவன். பட்டப் படிப்போடு பட்டயக் கணக்காளர் பரீட்சையையும் எழுதுவது நலமா, பின்பு எழுதுவது நலமா? தங்கள் அநுபவத்திலிருந்து இரண்டு வரி எழுதினால் நன்றியுடையேன்."

இதில் வேலை கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். முதற் கடிதத்திலேயே "எனக்கு ஒரு வேலை எடுத்துத் தாருங்கள்" என்று கேட்பது, படலையைத் திறந்தவுடன் அடுப்படிக்குட் புகுவது போன்றது. நல்ல கேள்விக்கு மனிதர் மனமுவந்து விடை தருவர். விடை தந்தவருக்கு நன்றி எழுதுக. அவர் சொன்னபடி செய்து பார்த்தபின், என்ன பலன் கண்டோம் என்று இரண்டு மாதங் கழித்து மறுபடியும் எழுதுக. அறிமுகம் உறவாவது இவ்வாறே. விடை வரவில்லையெனின் கோபிக்க வேண்டாம். அவருக்கும் ஆயிரம் அலுவல். முகமறியாதவர் ஐந்நூறு பேரைச் சேர்த்துத் தொகையை ஏற்றுவதைக் காட்டிலும், பெயர் சொன்னால் நம்மை நினைவுகூரும் முப்பது பேர் மேல்.

நிற்க. மெய்ம்மையைப் பற்றி ஒரு சொல் அழுத்திச் சொல்லவேண்டும். பெறாத பட்டத்தைப் பெற்றதாகவும், மூன்று நாள் சென்ற இடத்தில் மூன்று மாதம் பயின்றதாகவும் எழுதும் ஆசை சிலருக்கு எழும். பரீட்சை முடிவு வருமுன் "பட்டதாரி" என்று போடுவோரும் உளர். இணையத்தில் எழுதியது எவரும் பார்த்துச் சரிபிழை காணக்கூடியது. 2024 டிசம்பர் மாதத்தில் நம் பாராளுமன்றத்துச் சபாநாயகர் ஒருவரே, தம் கலாநிதிப் பட்டத்தைப் பற்றி எழுந்த கேள்விகளுக்கிடையே பதவி விலகினார். அத்துணை உயர்ந்த ஆசனத்திலும் கேட்கப்படும் கேள்வி, முதல் வேலைக்குச் செல்பவரிடம் கேட்கப்படாதா? உண்மையில் ஓர் அங்குலம் குறைத்து எழுதினால் நேர்முகப் பரீட்சையில் வாயாற் கூட்டிச் சொல்லலாம். ஓர் அங்குலம் கூட்டி எழுதினால் அதனைக் காப்பாற்றவே வாழ்நாள் போய்விடும்.

ஆபத்துகளையும் மறைக்காமற் கூறவேண்டும். "வெளிநாட்டிற் கணினி வேலை, பெருஞ் சம்பளம்" என்ற வாக்கை இணையத்தில் நம்பிச் சென்ற நம் நாட்டவர் பலர், தாய்லாந்தின் எல்லையை அடுத்த மியன்மாரின் மியாவடிப் பகுதியில், இணைய மோசடி முகாம்களில் அடைபட்டனர். அவர்களிற் சிலர் 2024 இல் மீட்கப்பட்டனர். ஆதலின், வெளிநாட்டு வேலை தருவதாக எவர் எழுதினும், அம்முகவர் நிலையம் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் பெற்றதா என்று முதலில் விசாரியுங்கள். வேலைக்கு முன்பணம் கேட்பவரையும், கடவுச்சீட்டின் பிரதியையோ வங்கி விபரத்தையோ முதல் நாளே கேட்பவரையும் விட்டு விலகுங்கள். வீட்டு முகவரி, பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம் ஆகியன பொதுப் பக்கத்தில் இருக்கலாகாது. சகோதரிகளுக்கு ஒரு சொல்: தொழிலைப் பற்றிப் பேசத் தொடங்கிச் சொந்த விஷயம் விசாரிப்பவருக்கு விடையளிக்க வேண்டிய கடமை உங்களுக்கில்லை. அவரைத் தடுத்துவிடவும் நிருவாகத்துக்கு முறையிடவும் அத்தளத்தில் வழியுண்டு. இதனை வீட்டிற் சொன்னால் கைத்தொலைபேசியைப் பறித்துவிடுவார்கள் என்ற அச்சம் பெண்பிள்ளைகளுக்கு இல்லாதவாறு பெற்றோர் நடந்துகொள்ளல் வேண்டும். அவ்வச்சம் உள்ள வீட்டிலேதான் வஞ்சகனுக்குத் துணிவு பிறக்கின்றது.

இனிப் பெரியோர்களை நோக்கி ஒரு விண்ணப்பம். வங்கியிலும் பாடசாலையிலும் திணைக்களத்திலும் முப்பது ஆண்டு உழைத்து இளைப்பாறியவர் பலர் இங்கே இருக்கின்றீர்கள். உங்கள் பெயரை அறிந்தோர் நாடெங்கும் இருக்கின்றனர். சங்கத்துப் பிள்ளைகளிற் சிலரையேனும் நீங்கள் உள்ளவாறு அறிவீர்கள்: எவன் சொன்ன நேரத்துக்கு வருபவன், எவள் எடுத்த காரியத்தை முடிப்பவள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதனை இரண்டு வரியில் எழுதிக் கொடுங்கள். அவர்கள் எழுதும் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுங்கள். உங்கள் பழைய அலுவலகத்தவருக்கு அறிமுகஞ் செய்துவையுங்கள். தகுதியில்லாதவனுக்குச் சிபாரிசு செய்யுமாறு நாம் கேட்கவில்லை. தகுதியுள்ளவனைப் பற்றிய சாட்சி உங்கள் நாவிலே அடங்கிக் கிடப்பதும் அவனுக்கு நட்டமே என்று நினைவூட்டுகின்றோம்.

சங்கத்துக்கும் ஒரு யோசனை கூறுகின்றோம். மாதத்தில் ஒரு மாலை, கூட்டுப் பிரார்த்தனைக்குப் பின் ஒரு மணி நேரம், வாலிபர் தம் பக்கங்களை எழுதித் திருத்திக்கொள்ள இம்மண்டபத்தைத் திறந்துவிடலாம். கணினி அறிந்தவன் அறியாதவனுக்கும், ஆங்கிலம் வல்லவள் வல்லாதவளுக்கும் உதவட்டும். பல்கலைக்கழகங்களில் தொழில் வழிகாட்டல் அலகுகள் இருக்கின்றன. அவற்றின் வாயிலை மிதித்தறியாத மாணாக்கரே பலர். அங்கே கற்று வந்ததை, உயர்தரம் முடித்து வீட்டிலிருக்கும் தம்பி தங்கையருக்கும் சொல்லிக் கொடுப்பது பட்டதாரி மாணவரின் கடமையாகட்டும். லிங்க்டினிற் சேரப் பதினாறு வயது நிரம்பியிருத்தல் வேண்டும். ஆதலாற் சிறுவரை இதில் இழுக்க வேண்டாம்.

முடிவாக ஒன்று. பக்கத்தைத் தொடங்க இரண்டு மாலைப்பொழுது போதும். அதன்பின் மாதம் ஒரு மணி நேரம் போதும். அதற்கு மேல் அதிலேயே கண்ணை வைத்து, எவர் பார்த்தார், எவர் புகழ்ந்தார், எவன் நம்மை முந்தினான் என்று எண்ணிக்கொண்டிருந்தால், படிப்பும் போகும், மனச் சாந்தியும் போகும். மற்றவன் பக்கத்தில் வெற்றி மாத்திரமே எழுதப்பட்டிருக்கும். அவன் தோற்ற பரீட்சையும் விடை வராத விண்ணப்பமும் அங்கே எழுதப்படுவதில்லை. அதனைக் கண்டு நெஞ்சு சோர வேண்டாம்.

குடத்துள் இட்ட விளக்கென்றும் குன்றின்மேல் இட்ட விளக்கென்றும் நம் முன்னோர் சொல்லி வைத்தனர். குன்றின்மேல் ஏற்றினாலும் விளக்குக்கு எண்ணெய் வேண்டும். அவ்வெண்ணெய் நாம் நாளும் செய்யும் வேலையே. எண்ணெய் உள்ள விளக்கைக் குடத்துக்குள் வைத்து, "எமக்கு ஒருவரும் வழிவிடவில்லை" என்று இருளை நொந்துகொண்டிருப்பதும் முறையன்று. படியுங்கள், உழையுங்கள், செய்ததை உள்ளவாறு எழுதி, காணக்கூடிய இடத்தில் வையுங்கள். அவ்வெளிச்சத்தில் நீங்கள் ஒரு படி ஏறியதும், கீழே நிற்கும் இன்னொருவருக்குக் கைகொடுங்கள். அதுவே இச்சங்கத்திற் சேர்ந்ததன் பயன்.